மேனேஜர் போட்ட ஒப்பு

எனக்கு மன்னிக்கும் குணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. வயதானால் மனது இளகும் என்கிறார்கள். எனக்கு முழங்கால்தான் இளகியிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் சுதந்திர தினத்தன்று என்னை ஏமாற்றியவரை நான் அன்றைக்கும் மன்னிக்கவில்லை, அவர் செத்து எத்தனையோ வருஷமான பிறகும் மன்னிக்கவில்லை. அவரைப் பழி வாங்கினேன். எப்படி வாங்கினேன் என்றுதான் எழுதப்போகிறேன்.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கோயம்புத்தூரில் டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு கல்யாணமாகி, நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே ஓர் ஊருக்கு வந்தேன். அம்மா வீட்டிலிருந்து காலையில் மாட்டு வண்டி கட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் புகுந்த வீடு வந்துவிடலாம். ஆனால் நடுவில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம், இந்தப் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி. வயல் ஒரே வயல்தான், வாய்க்காலும் ஒன்றுதான். ஊரில் பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் மலையாளம், சந்தைக்கு வந்தால் எல்லோருக்கும் இரண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு டிவிஷன் நடந்தது. மலையாள டிவிஷனுக்கு நான்கு டீச்சர்கள். தமிழ் டிவிஷனுக்கு நான் ஒருத்தி. ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பை இடது பக்கமும் இரண்டாம் வகுப்பை வலது பக்கமும் உட்கார வைத்துப் பதினான்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். சம்பளம் தருவது சர்க்கார், வேலைக்கு வைப்பது மேனேஜர். பள்ளிக்கூடம் அவர் குடும்பத்துச் சொத்து. மலையாளம் பேசும் பெரிய நிலக்காரர் அவர். வயலாட்களிடம் பேசிப் பேசித் தமிழ் நன்றாகவே வரும், எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் ஒரு ராவுத்தரின் ஜவுளிக்கடை இருந்தது. அவர் மகள் என் வகுப்பில் படித்தாள். அவருக்கு இரண்டு எழுத்தும் வாசிக்க வரும், கடைக்கு இரண்டு மொழிப் பத்திரிகையும் வரும். சாயங்காலம் ஜாக்கெட் துணி பார்ப்பதுபோல் நின்று நான் பத்திரிகை படிப்பேன். எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று பார்க்க டில்லியிலிருந்து கமிஷன் வந்துபோயிருந்த சமயம். கடையில் வேறு பேச்சே இல்லை.

"டில்லியில உக்காந்து பென்சில்ல கோடு போடறவனுக்கு எங்க ஊடு எங்க இருக்குதுன்னு தெரியுமாங்க? அந்தந்த ராஜ்யத்துக்காரங்க பேசி முடிச்சுக்கிட்டாப் போச்சு. டில்லிக்கு இங்க என்னங்க வேலை?" என்று நான் எகிறுவேன்.

ராவுத்தர் துணியை மடித்துக்கொண்டே சிரிப்பார். "டீச்சரம்மா, ராஜ்யத்துக்காரன் கையிலயே எல்லாத்தையும் விட்டா என்ன ஆவும்? ஈரோட்டுலேர்ந்து என் துணி மூட்டை வர்றதுக்குள்ள எத்தனை பேர் அவுத்துப் பாக்கறான்? டில்லி பலமா இருக்கணும். ஓரத்துல கெடக்கறவனைப் பக்கத்துல இருக்கற கை அடிக்க வந்தா, தடுக்கறதுக்குத் தூரத்துல ஒரு கை வேணும்."

"தூரத்துக் கை அடிச்சா யாருங்க தடுப்பாங்க?"

ராவுத்தர் வேறு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

கோடு போட்டார்கள். ஐம்பத்தாறு நவம்பரில் நாங்கள் கேரளம் ஆனோம். எங்களைப்போலவே கேரளத்தில் சேர்க்கப்பட்ட வண்டிப்பெரியாரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அண்ணன் எழுதியிருந்தார், "இங்கே எங்களை யாரும் கேட்கவில்லை, அங்கே உங்களைக் கேட்டார்களா?" என்று. எங்களையும் யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு டில்லியை என்ன செய்ய முடியும்? கையில் கிடைத்ததைச் செய்தேன். மலையாள எழுத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டேன். மலையாள டீச்சர்களில் ஒருத்தி நல்ல மனதோடு பாலபாடம் கொண்டுவந்து தந்தபோது, "நான் இந்த ஊருக்குத்தான் வாக்கப்பட்டேன், இந்த எழுத்துக்கு வாக்கப்படலைங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த வாய்க்கொழுப்புக்குத்தான் பின்னால் அனுபவித்தேன்.

அடுத்த வருஷம் மேனேஜரின் தங்கை மகள் டிரெயினிங் முடித்து வந்தாள். அவளுக்கு இடம் வேண்டும். மலையாள டிவிஷனில் இன்னொரு வகுப்பு கூடினால் இடம் வரும். வகுப்பு கூட வேண்டுமென்றால் பிள்ளைகள் கூட வேண்டும். என் அறையில் பதினான்கு பேர் இருந்தார்கள். கணக்கு அவ்வளவுதான், ஆனால் எனக்கு அப்போது அது தெரியாது.

அந்தச் சுதந்திர தினத்துக்குத் தமிழ்ப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று மேனேஜர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். எங்களுக்கென்று முன்வரிசை பெஞ்சு. கொடியேற்றினார், தேசம் ஒன்று என்று பேசினார், ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். எங்கள் ஜனங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வயலில் அவர் எதிரே நிமிர்ந்து நிற்காதவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களே. போகும்போது வாசலில் ஒரு நீளத் தாளோடு நின்றார். தாளின் மேற்பாதி முழுக்க மலையாளம்.

"வந்ததுக்கு ஒரு ஒப்பு. அவ்வளவுதான் கேட்டோ" என்றார்.

ஒப்பு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடையில் ஒப்பு, வில்லேஜ் ஆபீசில் ஒப்பு. மலையாளத்தில் அது கையெழுத்து, வேறொன்றுமில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரும் சாட்சிக்கு ஒரு ஒப்புப் போடணும்."

"மேல என்னங்க எழுதியிருக்குது?"

"ஹாஜர்தான். வேற எந்தா?"

என் வாயிலும் மிட்டாய் இருந்தது. தமிழில் வளைத்து வளைத்துப் போட்டு, கீழே இரண்டு புள்ளியும் வைத்தேன்.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. வரும் வருஷம் முதல் தமிழ் டிவிஷன் இல்லை, என் வேலையும் இல்லை. கூடவே அந்தத் தாளின் நகல். அதைத் தூக்கிக்கொண்டு ராவுத்தர் கடைக்கு ஓடினேன். சுதந்திர தினத்தன்று அவர் சரக்கெடுக்க ஈரோடு போயிருந்தார், அவர் மனைவிதான் கைநாட்டு வைத்திருந்தார். ராவுத்தர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சம்மதப் பத்திரம் டீச்சரம்மா. நம்ம பிள்ளைகளை மலையாள டிவிஷன்ல சேத்துக்கறதுக்கு நமக்கெல்லாம் முழுச் சம்மதம்னு எழுதியிருக்கு. கீழ சாட்சி நீங்க."

தமிழில் ஒப்பு என்றால் சம்மதம். மலையாளத்தில் ஒப்பு என்றால் கையெழுத்து. எல்லையில் கிடக்கிற எங்களுக்கு இரண்டும் தெரியும். அன்றைக்கு அந்த மனிதர் மலையாளத்தில் கேட்டு வாங்கியதைத் தமிழாக்கி அனுப்பிவிட்டார். எழுத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்ட நான் அதற்குச் சாட்சி. எனக்கு அழுகை வரவில்லை. அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

நேரே அவர் ஆபீஸ் அறைக்குப் போய்க் கத்தினேன். சின்னப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் சொல்ல வேண்டும் என்று டில்லிச் சட்டத்திலேயே இருக்கிறது என்று ராவுத்தர் சொல்லிக் கொடுத்ததையும் சொன்னேன். அவர் நிதானமாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, இது கேரளா ஸ்டேட். இங்க ஸ்டேட் சொல்றதுதான் சட்டம். டில்லிக்கு என் ஸ்கூல்ல எந்தா வேலை?"

ஜவுளிக்கடையில் நான் பேசிய அதே பேச்சு. அவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

மார்ச்சில் வகுப்பை மூடினார்கள். ஜூனில் என் அறையில் அவர் தங்கை மகள் நின்றாள். நான் வீட்டில் தையல் மிஷினை மிதித்தேன். மிதிக்க மிதிக்க அவரைத் திட்டினேன். என் வீட்டுக்காரர் பாவம், வயலிலிருந்து வந்தால் சத்தமில்லாமல் கஞ்சி குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்த மழைக்காலத்தில், நான் வேண்டாமென்று தள்ளிய அதே பாலபாடத்தைக் கேட்டு வாங்கி மலையாள எழுத்து முழுவதையும் படித்தேன். சிலர் ஆசையால் ஒரு மொழி படிப்பார்கள். நான் ஆத்திரத்தால் படித்தேன். ஓணத்துக்குள் பத்திரிகை வாசிக்க வந்துவிட்டது. ராவுத்தரைத் தவிர யாருக்கும் நான் சொல்லவில்லை.

"யாரைத் திட்டினீங்களோ அவங்ககிட்டயே போங்க டீச்சரம்மா. வேற வழியில்லை" என்றார் அவர். மொழிச் சிறுபான்மைக்காரர்களின் குறை கேட்க டில்லி ஓர் ஆபீசரைப் போட்டிருப்பதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. அவருக்கு மனு எழுதினேன். எங்கள் ஊர் எங்கே இருக்கிறதென்று தெரியுமா என்று எந்த டில்லியை ஏசினேனோ, அதே டில்லிக்கு எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று முதல் பாராவில் விளக்க வேண்டியிருந்தது. நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுவை ராஜ்ய சர்க்காருக்கு அனுப்பியிருப்பதாக. ராஜ்ய சர்க்கார் எங்கள் தாலுகா சித்தூரில் இருந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு அனுப்பியது. இன்ஸ்பெக்டர் என்னை வரச் சொன்னார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"படிக்கறதுக்குப் பத்துக் குட்டிகள் வேணும். ரட்சகர்த்தாக்களோட, அதான் அப்பா அம்மாவோட, மனு வேணும். எல்லாத்துக்கும் மேல மேனேஜரோட சம்மதம் எழுத்துல வேணும். அவர் ஒப்பு இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர்."

டில்லி வரை போய்ச் சுற்றி, கடைசியில் அந்த ஒரே ஆளின் கையில் வந்து நின்றது. அன்று சித்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது நான் முடிவு செய்துவிட்டேன். அந்த ஆளின் ஒப்பை வாங்க வேண்டும். அவர் வாங்கியபடியே வாங்க வேண்டும்.

சந்தர்ப்பத்தை நான் தேடிப் போகவில்லை, அதுவே என் வீட்டுக்கு நடந்து வந்தது. ராஜ்ய சர்க்கார் ஒரு பள்ளிக்கூடச் சட்டம் கொண்டுவந்திருந்தது. இனி மேனேஜர்கள் தங்கள் இஷ்டத்துக்கு டீச்சர்களை வைக்கவும் எடுக்கவும் முடியாது. ஊர் ஊராக மேனேஜர்கள் கொதித்தார்கள். இன்னும் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காகச் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பத்தொன்பது ஜூனில் கேரளம் முழுக்க மறியல், ஊர்வலம். டில்லி இந்த மந்திரிசபையைக் கலைக்க வேண்டும் என்று கையெழுத்து வேட்டை. ஸ்டேட் சொல்வதுதான் சட்டம் என்ற எங்கள் மேனேஜர் ஒன்றரை வருஷத்துக்குள் டில்லி பக்தராகிவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"டீச்சரே, பழசெல்லாம் மறக்கணும் கேட்டோ. இது நாட்டுக் காரியம். இந்தத் தமிழ்க்காரங்க நான் போனா ஒப்புப் போட மாட்டேங்கறாங்க. மிட்டாய் எங்கேன்னு கிண்டலாக் கேக்கறாங்க. டீச்சர் சொன்னாக் கேப்பாங்க. காரியம் நடக்கட்டும், டீச்சருக்கு ஒரு போஸ்ட் நான் பார்த்துத் தரேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன். மோர் கொடுத்தேன். தையல் மிஷின் மேல் முழு வெள்ளைத் தாளை விரித்தேன். "தமிழ்ல இருந்தாத்தானுங்க நம்புவாங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். "மத்திய சர்க்கார் உடனே தலையிடணும்."

"எங்கள் பள்ளியில் தமிழ் டிவிஷனை உடனே மறுபடி தொடங்க வேண்டும்" என்று நான் எழுதினேன்.

"ஜனங்களைக் கேக்காம இந்த ராஜ்ய சர்க்கார் அக்கிரமம் செய்யுது."

"முன்பு எங்களிடம் வாங்கிய ஒப்பு, விஷயத்தைச் சொல்லாமல் வாங்கப்பட்டது" என்று எழுதினேன்.

"தூரத்துல இருந்தாலும் டில்லிதான் நமக்கு ரட்சை."

"இதற்கு மேனேஜராகிய எனக்கும் முழுச் சம்மதம்" என்று எழுதி முடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணப் பத்திரிகையைக்கூட எழுதியதில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "டில்லின்னு எங்க எழுதியிருக்கு?"

'டிவிஷன்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டி, என் எழுத்து உருண்டையாக அழகாக இருக்கிறதென்றும் சொன்னார்.

"முதல் ஒப்பு உங்களுதா இருந்தா ஜனங்களுக்குத் தைரியம் வருமுங்க" என்றேன்.

பேனாவைத் திறந்து இங்கிலீஷில் பெரிதாகப் போட்டார். ஜிப்பா பையில் இருந்த ஸ்கூல் சீலை எடுத்து, நான் கேட்காமலேயே குத்தினார்.

மறுநாள் வீடு வீடாகப் போனேன். ஆளிருந்த ஒவ்வொரு வீட்டிலும் தாளை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன், என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிச் சொன்னவர்களிடம்தான் ஒப்பு வாங்கினேன். மேனேஜர் ஒப்பைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வீட்டில் மாடு மிரண்டது. அதற்கடுத்த நாள் சித்தூர் பஸ் ஏறி இன்ஸ்பெக்டர் கையில் தாளைக் கொடுத்தேன்.

மேனேஜர் ஒரு வாரம் கழித்துக் கேட்டார். "டீச்சரே, பேப்பர் எங்க?"

"மேல அனுப்பியாச்சுங்க."

"நல்லது, நல்லது" என்றார்.

ஜூலைக் கடைசியில் டில்லி அந்த மந்திரிசபையைக் கலைத்துவிட்டது. மேனேஜர் வீட்டில் வெடி, பாயசம். என் ஒப்புத் தாளும் அதற்கு உதவியது என்று அவர் நம்பியிருப்பார். நான் ஜவுளிக்கடைக்குப் போனேன். ராவுத்தர் பாதிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாம ஓட்டுப் போட்ட சர்க்கார் டீச்சரம்மா. நல்லதோ கெட்டதோ, வீட்டுக்கு அனுப்பணும்னா நாமதானே அனுப்பணும்?"

"தூரத்துக் கை அடிச்சா யாரு தடுப்பாங்கன்னு அன்னைக்கே கேட்டேனுங்க" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே கசந்தது. அந்தக் கையைப் பிடித்து இழுக்க நானும்தானே மனு எழுதியிருந்தேன்? டில்லியா ராஜ்யமா என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. எந்தக் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் என் கட்சி மாறியிருக்கிறது. மேனேஜரும் அதையேதான் செய்தார் என்பது எனக்குப் பிடிக்காத உண்மை.

இன்ஸ்பெக்டரின் உத்தரவு ஆகஸ்டில் வந்தது. சுதந்திர தினத்தன்று காலை, கொடியேற்றுவதற்கு முன்னால், மேனேஜர் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உத்தரவை என் முன்னால் நீட்டினார்.

"இதெந்தா டீச்சரே? தமிழ் டிவிஷனுக்கு நான் எப்ப சம்மதிச்சேன்?"

நான் காகிதத்தை வாங்கி மலையாளத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தேன். மேனேஜரின் முழுச் சம்மதத்தின் பேரில் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான் மலையாளம் வாசிப்பதைக் கேட்டு அவர் வாய் திறந்தபடி நின்றது. அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசி அடங்கும்.

"சம்மதம் இல்லீங்க. வந்ததுக்கு ஒரு ஒப்பு. அவ்வளவுதான் கேட்டோ" என்றேன்.

"ஏமாத்து! நான் மேல எழுதுவேன்!"

"எழுதுங்க. அப்ப ரெண்டு தாளையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க."

அவர் எழுதவில்லை. கொடியை ஏற்றப் போனார். கயிறு இரண்டு தடவை சிக்கியது. நான் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

திங்கட்கிழமை என் அறை திறந்தது. பழைய பிள்ளைகள் பதினான்கு பேருக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். பத்துப் பேர் போதும் என்பதால் வகுப்புக்கு ஆபத்தில்லை. வராத மூன்று பேரும் மலையாள வகுப்பில் ஒன்றும் புரியாமல் கொஞ்ச நாள் உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுபோனவர்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் மாடு மேய்க்கப் போயிருந்தார்கள். ஒரு பெண் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தாள். எழுத்து அச்சுப்போல் வரும் அவளுக்கு. அவளைக் கூட்டிவர அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா, புதுத் தாளோடு நான் போன அன்று வயலில் இருந்தவள், சேறு காயாத கையோடு எழுந்து நின்றாள்.

"நாந்தான் அன்னைக்கே ஒப்புப் போட்டுக் குடுத்துட்டனுங்களே டீச்சர். இனி மாத்துனா தப்பாயிராதுங்களா? நீங்களும் கூடத்தானுங்களே போட்டீங்க?"

குத்திக்காட்டச் சொன்னதில்லை அது. என்னை நம்பித்தான் சொன்னாள். அந்தத் தாள் செல்லாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள், பிள்ளையை அனுப்பவில்லை.

அந்த வருஷம் முழுக்க மூன்று பேரின் பெயரையும் ஹாஜர் புத்தகத்திலிருந்து நான் எடுக்கவில்லை. தினமும் காலையில் பெயரைக் கூப்பிடுவேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நான் சிவப்பு மையில் ஆப்சென்ட் போடுவேன். மாசக் கடைசியில் அந்தப் பக்கத்தின் அடியில் ஒப்புப் போட வேண்டியவள் நான்தான்.